மேலே தொங்கும் கமா

ஒரு பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குகிறேன். நான் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பெண்கள் விடுதிக்குப் புதுப் பலகை எழுத ஒரு பெயின்டர் வந்திருந்தார். நீலத் தகரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ‘கேர்ள்ஸ் ஹாஸ்டல்’ என்று ஆங்கிலத்தில் எழுத்துகளை அளந்து வைத்துவிட்டு, “சார், இந்த மேல தொங்குற கமா எங்க வரும்?” என்று கேட்டார். அப்பாஸ்ட்ரஃபியைத்தான் கேட்கிறார். எஸ் எழுத்துக்கு முன்னால் என்றார் தலைமையாசிரியர். பின்னால் என்றேன் நான். அந்தப் பக்கமாக வந்த வார்டன் அம்மா, “அது எதுக்குங்க? எல்லாருக்கும்தான் தெரியுமே, பொண்ணுங்க இருக்கிற இடம்னு” என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வாதம் முடிவதாக இல்லை. பெயின்டர் டீ குடித்துவிட்டு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். எஸ் எழுத்தின் உச்சந்தலைக்கு நேர் மேலே, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், ஒரு வெள்ளைத் துளியை வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று அதை வேடிக்கைக் கதையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதியில் பல மாணவிகள் இருப்பதால் எஸ்ஸுக்குப் பிறகு போடுவதே விதி. விதிப்படி நான் சொன்னதுதான் சரி. அதே விதியை வைத்துக்கொண்டு முப்பது வருடம் விடைத்தாள்களில் அரை அரை மதிப்பெண்ணாக வெட்டியிருக்கிறேன். அந்த அரை மதிப்பெண்களை எதற்காக வெட்டினேன் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இன்றைய பேச்சு அந்த யோசனையின் விளைவு.

‘பாய்’ என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். பையன்கள், பாய்ஸ். பையனுடைய, பாய்ஸ். பையன்களுடைய, அதுவும் பாய்ஸ். மூன்றும் ஒன்றேதான், ஏனென்றால் தமிழில் எழுதும்போது நாம் காதில் விழுவதை எழுதுகிறோம், காதில் விழுவது ஒன்றேதான். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இந்த மூன்றையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். வித்தியாசம் கண்ணுக்கு மட்டுமே. நம் மொழியில் அப்படி இல்லை. மரம், மரங்கள், மரத்தினுடைய, மரங்களுடைய. பன்மைக்கு ஓர் உருபு, உடைமைக்கு வேறோர் உருபு. முதலில் பன்மை வந்து உட்காரும், அதன் பிறகுதான் வேற்றுமை. இந்த வரிசையில் பழகிய பிள்ளை, ஒரே எஸ் இரண்டு வேலையும் பார்க்கும் வீட்டுக்குள் நுழைந்தால் தடுமாறத்தான் செய்யும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் தடுமாறுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் ஒலியில் தடுமாற்றமே இல்லை. தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பூனைக்கு ‘கேட்ஸ்’ என்று சொல்லுங்கள். கடைசி ஒலியில் தொண்டை அதிராது. நாய்க்கு உள்ள பன்மைச் சொல்லை ஆங்கிலேயர் சொல்வதைக் கேட்டால் கடைசியில் தேனீ போல ஓர் அதிர்வு இருக்கும். ‘பஸ்’ போன்ற சொல்லில் இரண்டு எஸ் முட்டிக்கொள்ளாமல் நடுவே ஓர் உயிரொலி வந்து விலக்கிவிடும். ஆக மூன்று ஒலி, கடைசி எழுத்து மட்டும் ஒரே எஸ். இந்த விதியை ஆங்கிலக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பறவை போன்ற ஒரு பிராணியை வரைந்து, இல்லாத ஒரு பெயரை, ‘வக்’ என்று, அதற்கு வைத்தார். நான்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டினார். இது ஒரு வக். இதோ இன்னொன்று வந்துவிட்டது. இப்போது இரண்டு? பிள்ளைகள் முன்பின் கேட்டிராத சொல்லுக்குச் சரியான அதிர்வொலியோடு பன்மை சொன்னார்கள். உடைமைக்கும் இதே போல் சோதித்தார்.

நாமும் அந்தப் பிள்ளைகள்தான். பூக்கள், மரங்கள், மாடுகள். மூன்றிலும் ‘கள்’. முதலாவதில் க வல்லென்று ஒலிக்கிறது, இரண்டாவதில் அதிர்ந்து ஒலிக்கிறது, மூன்றாவதில் காற்றாய்க் கசிகிறது. மூன்று ஒலிக்கும் ஒரே எழுத்து. இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யாராவது உண்டா?

இந்த எஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. சில சொற்கள் எஸ் சேர்த்தன, சில ‘அன்’ சேர்த்தன, சில எதுவுமே சேர்க்கவில்லை. செம்மறியாட்டுக்கும் மானுக்கும் இன்றும் ஒருமையும் பன்மையும் ஒன்றே. ‘பத்து மாடு வாங்கினான்’ என்று சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. இன்னும் சில சொற்கள் உள்ளிருக்கும் உயிரை மாற்றிக்கொண்டன: ஃபுட், ஃபீட், மவுஸ், மைஸ். ஒரு காலத்தில் அவற்றின் பின்னால் இகர ஒலியுள்ள ஒரு விகுதி இருந்தது; அதைச் சொல்லப்போகும் வாய் முன்கூட்டியே தயாராகி, முன்னுள்ள உயிரை அதன் பக்கம் இழுத்துவிட்டது. பிறகு விகுதி உதிர்ந்தது, இழுத்த இழுப்பு மட்டும் நின்றது. ‘இலை’ என்று எழுதிவிட்டு வீட்டில் ‘எலை’ என்கிறோமே, ‘குடை’ ‘கொடை’யாகிறதே, அங்கேயும் பின்னால் வரும் உயிர்தான் முன்னதைத் திருப்புகிறது.

உடைமையிலும் இப்படிப் பல வழிகள் இருந்தன. ஆண்பாலாகக் கொள்ளப்பட்ட பல பெயர்களுக்கு ‘எஸ்’ ஒலியுள்ள விகுதி, பெண்பால் பெயர்களுக்குப் பெரும்பாலும் வேறு விகுதி. இதன் எலும்புக்கூடு கிழமைப் பெயர்களில் இன்னும் கிடக்கிறது. டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே: மூன்றிலும் நடுவில் எஸ் இருக்கிறது. டியூ என்ற தெய்வத்தினுடைய நாள், வோடன் என்ற தெய்வத்தினுடைய நாள், இடித் தெய்வத்தினுடைய நாள். அந்த எஸ் பழைய ஆறாம் வேற்றுமை. வெள்ளிக்கிழமையைப் பாருங்கள், ஃப்ரைடே. நடுவில் எஸ் கிடையாது, ஏனென்றால் அது ஃப்ரிக் என்ற பெண் தெய்வத்தின் நாள். பெண்பாலுக்கு அந்த விகுதி இல்லை. ஒரு வாரத்துக்குள் இவ்வளவு இலக்கணம் ஒளிந்திருப்பது தெரியாமலே முப்பது வருடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகு சொல்லின் கடைசியில் வரும் உயிர்கள் தேய்ந்து ஒன்றுபோலாயின. ‘அன்’னின் னகரமும் பல இடங்களில் உதிர்ந்தது. எஸ் அழுத்தமான ஒலி, அது நின்றது. நின்றதோடு, மற்ற விகுதிகளின் நிலத்தையும் வளைத்துப் போட்டது. ஆனால் ஒரே நாளில் நடக்கவில்லை. இங்கிலாந்தில் அச்சுத்தொழிலைத் தொடங்கிவைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் வெளியிட்ட ‘எனிடோஸ்’ நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸிலிருந்து புறப்பட்ட வணிகர்கள் காற்று இல்லாமல் கரையோரம் தங்கிவிட்டார்கள். ஒருவர் இறங்கிப் போய் ஒரு வீட்டில் முட்டை கேட்டார். வடக்கே வழங்கிய சொல்லில், எஸ் போட்ட பன்மையில் ‘எக்கஸ்’ என்று கேட்டார். எனக்கு பிரெஞ்சு தெரியாது என்றாள் வீட்டுக்காரம்மா. அவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் ‘எய்ரன்’ வேண்டும் என்றார். அப்போது புரிந்தது. தெற்கத்திச் சொல்லுக்கு னகரப் பன்மை. காக்ஸ்டனுடைய கவலை வேறு: அச்சுக்கு எந்த வடிவத்தை எடுத்துக்கொள்வது? அந்தக் கேள்வி இன்றைய நம் தலைப்புக்கே வேர்.

அந்த ‘எய்ரன்’ இரட்டைப் பன்மை. முதலில் ரகரம் சேர்த்து ஒரு பன்மை, அது பன்மை என்பது மறந்துபோனதும் அதன் மேல் ‘என்’ சேர்த்து இன்னொரு பன்மை. முட்டையில் அது அழிந்துவிட்டது, குழந்தையில் நிலைத்துவிட்டது. சைல்ட், சில்ட்ரன். ரகரம் ஒரு பன்மை, ‘என்’ இன்னொரு பன்மை. நம் ‘புலவர்கள்’ இதேதான். ‘புலவர்’ என்பதே பலர்பால். அஃறிணைக்குத் தொல்காப்பியர் சொன்ன ‘கள்’ளை உயர்திணைக்கும் கொண்டுவந்து, ‘அர்’ விகுதியின் தலையில் ஏற்றிவிட்டோம். பேருந்தில் ‘அந்த லேடீஸ் எழுந்திரிச்சாங்க’ என்று ஒரே ஒரு பெண்ணைச் சொல்கிறோம். இரண்டு பேர் என்றால் ‘லேடீஸுங்க’. சிரிக்க வேண்டாம். ஆங்கிலேயர் இதையே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். பட்டாணிக்கு அவர்களுடைய பழைய ஒருமை ‘பீஸ்’. கடைசியில் எஸ் ஒலி கேட்கிறதே, இது பன்மைதான் என்று எண்ணி அதை வெட்டி, ‘பீ’ என்று புது ஒருமை செய்துகொண்டார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த செர்ரிப் பழத்தின் கதையும் அதுவே.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் புகழ்பெற்ற பழங்கைப்பிரதி ஒன்றில் ஒரு முகவுரைத் தலைப்பு வருகிறது. பாத் நகரத்து மனைவி சொன்ன கதை என்பது பொருள். இன்றைய ஆங்கிலத்தில் ‘வைஃப் ஆஃப் பாத்ஸ் டேல்’. உடைமையின் எஸ் ‘பாத்’ என்ற ஊர்ப்பெயரின் முதுகில் ஏறியிருக்கிறது. ஆனால் கதை ஊருடையது இல்லையே, மனைவியுடையது. கைப்பிரதியில் அது ‘வைவ்ஸ் டேல் ஆஃப் பாத்’ என்ற அமைப்பில் இருக்கிறது. எஸ் அதற்கு உரிமையான சொல்லிலேயே, மனைவியிடமே இருக்கிறது.

அந்தத் தலைப்பில் இரண்டு செய்தி உண்டு. முதலாவது, உடைமையின் எஸ் அன்று சொல்லோடு ஒட்டிய விகுதி. பிறகு அது கழன்று, தொடரின் கடைசியில் எந்தச் சொல் இருந்தாலும் அதில் தொற்றிக்கொள்ளும் ஒன்றாகிவிட்டது. பன்மையின் எஸ் அப்படிக் கழலவில்லை. மாமியார்கள் பலர் என்றால் ‘மதர்ஸ் இன் லா’, எஸ் நடுவில் தாயோடு நிற்கும். மாமியாருடையது என்றால் ‘மதர் இன் லாஸ்’, எஸ் கடைசிக்கு ஓடிவிடும். இரண்டாவது செய்தி அந்த வகரம். அன்று உடைமையிலும் ‘வைவ்ஸ்’ என்றுதான் இருந்தது, இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட ஃப் ஒலி அதிர்ந்து வ் ஆகும் என்பதால். இன்று பன்மையில் மட்டும் வகரம் நிற்கிறது. மனைவிகள் ‘வைவ்ஸ்’, மனைவியுடையது ‘வைஃப்ஸ்’. கழன்று வந்த எஸ்ஸுக்குச் சொல்லின் உள்ளே கைவைக்கும் அதிகாரம் போய்விட்டது. இந்த இரண்டைத் தமிழில் எழுதினாலும் வித்தியாசம் தெரிகிறது, கவனித்தீர்களா? காதுக்கே கேட்கும் வித்தியாசம் அது. எந்தக் குறியும் வேண்டாம்.

இந்த வகரம் உயிருள்ள விதி இல்லை என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 1937 என்ற ஒரே ஆண்டில் இரண்டு வடிவமும் வந்தன. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தில் ஏழு குள்ளர்கள் ‘டுவார்ஃப்ஸ்’. அதே வருடம் வந்த ‘தி ஹாபிட்’ நாவலில் டோல்கீன் ‘டுவார்வ்ஸ்’ என்று எழுதினார். டோல்கீன் பழைய ஆங்கிலத்தைக் கற்பித்த பேராசிரியர். அவர் கைக்கு வகரம் தானாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாஸ்ட்ரஃபிக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து அச்சகங்கள் வழியாக அது இங்கிலாந்துக்கு வந்தது. பாரிசில் ஜெஃப்ராய் டோரி 1529-இல் இந்தக் குறியைப் பரிந்துரைத்திருந்தார். வேலை ஒன்றே ஒன்று: ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று காட்டுவது. உடைமைக்கும் அதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தம் குறைவு. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623-இல் வந்த முதல் பெருந்தொகுப்பின் முகப்பில் ஷேக்ஸ்பியருடைய நாடகங்கள் என்று அவர் பெயரோடு எஸ் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். குறி கிடையாது. என் வகுப்பாக இருந்தால் அரை மதிப்பெண் போயிருக்கும்.

அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. உடைமைக்கு எஸ் போடாமல் ‘ஹிஸ்’ என்று தனிச் சொல்லாக எழுதுவது. பென் ஜான்சனுடைய நாடகத்தின் 1605-ஆம் ஆண்டுப் பதிப்பில் தலைப்பே ‘செஜானஸ் ஹிஸ் ஃபால்’: செஜானஸ், அவன் வீழ்ச்சி. ‘டீச்சர் அவங்க வீடு’ என்று நாம் பேசுவதில்லையா, அது போல. இதைப் பார்த்துப் பலர், கற்றவர்கள்கூட, உடைமையின் எஸ் என்பதே இந்த ‘ஹிஸ்’ தேய்ந்தது என்று நம்பினார்கள். அப்படியானால் குறி போடுவது நியாயம்தான், எழுத்து விடுபட்டிருக்கிறதே. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார். பெண்களைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எஸ்தானே வருகிறது, அங்கே ‘அவனுடைய’ எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் குறி அதற்குள் நிலைத்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஒருமை உடைமைக்கு அது பரவியது. பன்மை உடைமைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் உறுதிப்பட இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதாவது நானும் தலைமையாசிரியரும் தகரப் பலகையின் முன் நின்று சண்டையிட்ட விதி, ஆங்கிலத்தின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது.

‘இட்ஸ்’ இன்னும் வேடிக்கை. அதனுடைய என்ற பொருளில் குறி போடக் கூடாது, போட்டால் ‘அது இருக்கிறது’ என்று பொருள் மாறும் என்று எத்தனை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதற்கூறு, பத்தாம் பிரிவில் ‘அதனுடைய’ என்ற பொருளில் குறியோடுதான் இருக்கிறது. அப்போது அது பிழையாகக் கருதப்படவில்லை.

அரசு அலுவலகங்கள் இந்தக் குறியோடு பட்ட பாடு தனிக் கதை. 1890-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க இடப்பெயர் வாரியம் இயற்கை இடங்களின் பெயர்களில் உடைமைக் குறியை அனுமதிப்பதில்லை; இதுவரை ஐந்தே ஐந்துக்கு விலக்கு, முதலாவது 1933-இல் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு. லண்டன் பாதாள ரயிலில் பிக்காடில்லி பாதையில் அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள்: எர்ல்ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பாரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. பர்மிங்ஹாம் மாநகராட்சி 2009-இல் தெருப் பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவு செய்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டது. இங்கிலாந்தின் பாஸ்டன் நகரில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001-இல் அப்பாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் ஒன்றே தொடங்கினார். தவறான பலகை வைத்த கடைகளுக்குப் பணிவாகக் கடிதம் எழுதுவார்கள். 2019-இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்ற வருத்தத்தோடு சங்கத்தை மூடுவதாக அறிவித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நானே அவர் கட்சியில் இருந்தவன். ஆனால் தோற்றதற்கு அவற்றை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். நாக்கு காட்டாத வித்தியாசத்தைக் கை காட்ட வேண்டும் என்றால், கை எப்போதாவது தவறத்தான் செய்யும்.

சென்னையில் இதற்கு நாம் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். 1788-இல் மதராஸ் வந்த தாமஸ் பாரியின் பெயரால் அமைந்தது பாரீஸ் கார்னர். தமிழில் பாரிமுனை. பாரியினது முனை. ஆறாம் வேற்றுமை உருபு தொக்கது, அவ்வளவுதான். குயின் மேரீஸ் காலேஜ் ராணி மேரிக் கல்லூரி ஆயிற்று. நம் தொகைக்குள் எஸ்ஸும் குறியும் சத்தமில்லாமல் கரைந்துவிட்டன. பேச்சுவழக்கு எதிர்த் திசையில் போயிற்று: முனையை விட்டுவிட்டு உடைமையை மட்டும் வைத்துக்கொண்டது. ‘பாரீஸ் போய்ட்டு வரேன்’ என்கிறார்கள். விமானம் ஏறாமலே பாரீஸ் போய் வந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

இங்கே இளம் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். குறியைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வில் கேட்பார்கள், விண்ணப்பத்தில் பார்ப்பார்கள். கரும்பலகையில் துளி வைப்பதற்கு முன்னால் இரண்டு நாள் காதுக்குக் கொடுங்கள். கத்தி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திகள் ‘நைவ்ஸ்’, கத்தியின் முனைக்கு ‘நைஃப்ஸ்’. ஏன் ஒன்றில் வ், ஒன்றில் ஃப் என்று பிள்ளைகளையே கேட்கவிடுங்கள். கிழமைப் பெயர்களை எழுதச் சொல்லி வெள்ளிக்கிழமையில் எஸ் எங்கே போனது என்று தேடச் சொல்லுங்கள். குறி அதன் பிறகு வரட்டும், அச்சுக்காரர்கள் கண்ணுக்கு வைத்த அடையாளம் என்று சொல்லியே வரட்டும்.

போன மாதம் அந்தப் பழைய பள்ளிப் பக்கம் போயிருந்தேன். தகரப் பலகை இல்லை. அந்த இடத்தில் ஃபிளக்ஸ். ‘கேர்ள்ஸ் ஹாஸ்டல்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, குறி எங்கும் இல்லை. எதிரிலேயே ஃபிளக்ஸ் கடை. பழக்கதோஷம், உள்ளே போய் அந்தத் தம்பியிடம் கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அது வச்சா பிரிண்ட்ல அழுக்கு விழுந்த மாதிரி தெரியுதுன்னு வார்டன் அம்மா எடுக்கச் சொல்லிட்டாங்க சார்.”